பாறையும் கயிறும்

நெல் மூட்டையைத் தோளுக்கு ஏற்றும் தொழிலாளியின் வலிமை வேறு. காலை முதல் உச்சிப்பொழுது வரை ஏர் பிடித்து நடக்கும் உழவனின் வலிமை வேறு. முன்னவர் தம் ஆற்றல் முழுவதையும் ஓரிரு நொடிகளில் திரட்டிச் செலவிடுகின்றார். பின்னவரோ அதைச் சிறுகச் சிறுகச் செலவிட்டு நாள் முழுவதும் நிலைநிறுத்துகின்றார். இருவரில் யார் வலியவர் என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. ஆனால், ஒரே மனிதர் இவ்விரு வலிமைகளையும் பெற வேண்டிய கட்டாயம் நேர்ந்தால் அவர் தம் பயிற்சி நாட்களை எவ்வாறு பங்கிட்டுக்கொள்வார்? பாறை ஏறும் விளையாட்டில் ஈடுபட்டுள்ள இளைஞர் முன் நிற்கும் கேள்வி இதுவே. இதில் தவறினால் இழப்பது பதக்கம் மட்டுமன்று. வளரும் பிள்ளையின் விரல் எலும்பும், சில வேளைகளில் உயிருமே பணயமாகின்றன. ஆகவேதான் நம்மவர் பலருக்குப் புதிதான இவ்விளையாட்டைப் பற்றி ஈண்டுச் சற்று விரிவாகச் சிந்திக்க விழைகின்றோம்.

இரு வகை ஏற்றம்

பாறை ஏற்றத்தில் பல பிரிவுகள் உண்டு. அவற்றுள் தொடக்கநிலையினர் பெரும்பாலும் சந்திப்பவை இரண்டு. முதலாவது, ஆங்கிலத்தில் 'போல்டரிங்' என வழங்கப்படும் குறும்பாறை ஏற்றம். இதில் கயிறு கிடையாது. ஏறுபவர் உயரம் குறைந்த பாறையிலோ, கூடங்களில் ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுள்ள செயற்கைச் சுவரிலோ ஏறுகின்றார். கீழே தடித்த மெத்தை விரிக்கப்பட்டிருக்கும். இறுக்கமான காலணியும், வியர்வையை உறிஞ்சும் மக்னீசியத் தூளும் அன்றி வேறு கருவி வேண்டுவதில்லை. ஏற வேண்டிய அசைவுகள் சிலவே. ஆனால் ஒவ்வொன்றும் கடுமையானது.

இரண்டாவது, 'டாப் ரோப்' எனப்படும் மேற்கயிற்று ஏற்றம். நம் வீட்டுக் கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொண்டால் இதன் அமைப்பு எளிதில் விளங்கும். சுவரின் உச்சியில் உள்ள வளையத்தின் வழியாகக் கயிறு செல்கின்றது. ஒரு முனை ஏறுபவரின் இடுப்பு வாரில் முடிச்சிடப்பட்டுள்ளது. மறுமுனைப் பகுதி தரையில் நிற்கும் துணைவரின் இடுப்பிலுள்ள தடைக்கருவி வழியே செல்கின்றது. ஏறுபவர் மேலே செல்லச் செல்லத் துணைவர் கயிற்றின் தளர்வை இழுத்துக்கொண்டே இருப்பார். பிடி நழுவினால் ஏறுபவர் சிறிதளவே கீழிறங்கிக் கயிற்றில் தொங்குவார். கூடங்களில் இச்சுவர்கள் 10 முதல் 15 மீட்டர் வரை உயர்ந்திருப்பது வழக்கம். அசைவுகள் பல, அவை தனித்தனியே மிகக் கடுமையானவை அல்ல, ஆனால் ஏற்றம் பல நிமிடங்கள் நீடிக்கும்.

இவற்றோடு முன்னேற்றம் எனப்படும் 'லீட்' பிரிவும் உண்டு. அதில் ஏறுபவரே கயிற்றைத் தம்மோடு மேலே கொண்டுசென்று, வழியிலுள்ள கொக்கிகளில் ஒவ்வொன்றாக மாட்டிச் செல்வார். மேற்கயிற்றில் நன்கு பழகிய பின்னரே இதற்குச் செல்வது முறை.

பிறந்த இடங்கள்

பாரிஸ் மாநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் ஃபொன்தேன்புளோ என்னும் பெருங்காடு உள்ளது. அங்கே மரங்களுக்கிடையே மணற்பாறைகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களுக்குச் செல்லும் பிரெஞ்சு வீரர்கள், வார இறுதிகளில் இங்கு வந்து பழகினர். அவர்களுள் ஒருவரான பியேர் அல்லேன், 1935-ஆம் ஆண்டில் பெட்டி த்ரூ என்னும் சிகரத்தின் வடமுகத்தை முதன்முதலாக ஏறியவர்களில் ஒருவர். வழவழப்பான ரப்பர் அடிகொண்ட ஏற்றக் காலணியை உருவாக்கியவரும் அவரே. அக்காலத்தில் குறும்பாறை ஏற்றம் ஒரு தனி விளையாட்டன்று. பெருமலைக்கு முன்னான ஒத்திகையே.

அக்காட்டில் இன்னொரு வழக்கமும் தோன்றியது. பாறைகளில் வண்ண அம்புக்குறிகளும் எண்களும் இட்டு, பல பத்துப் பாறைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து ஏறி இறங்கும் சுற்றுப்பாதைகளை வகுத்தனர். எளியது மஞ்சள், அதற்கு மேல் ஆரஞ்சு, நீலம், சிவப்பு என நிறங்கள் கடுமையைக் குறிக்கும். ஒரு சுற்று முழுவதையும் முடிப்பவர் ஒரு பெரும் மலைச்சுவரை ஏறிய அளவு உழைத்திருப்பார். சிறு பாறையிலிருந்தும் நீடிக்கும் ஆற்றலைப் பெறலாம் என்பதை அவர்கள் அன்றே கண்டுகொண்டனர் எனலாம்.

குறும்பாறை ஏற்றத்தைத் தனிக்கலையாக உயர்த்தியவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியரான ஜான் கில். 1937-இல் பிறந்த இவர் ஜிம்னாஸ்டிக் பயிற்சி பெற்றவர். அவ்விளையாட்டில் கைக்குத் தடவும் மக்னீசியத் தூளையும், உடலை வீசி எம்பிப் பிடிக்கும் முறையையும் 1950-களில் பாறைக்குக் கொண்டுவந்தார். 1961-இல் தெற்கு டகோட்டா மாநிலத்தில் 'திம்பிள்' என்னும் பாறையை, கீழே வாகனத் தடுப்புக் கம்பிகள் இருந்த நிலையிலும், கயிறின்றி ஏறினார். 1969-இல் அமெரிக்க ஆல்பைன் ஆண்டு மலரில் குறும்பாறை ஏற்றத்தை ஒரு கலையாகவே விளக்கிக் கட்டுரை எழுதினார்.

மேற்கயிற்று ஏற்றத்தின் இயல்பான இல்லங்களுள் ஒன்று இங்கிலாந்தின் தென்கிழக்கில் குரூம்பிரிட்ஜ் அருகிலுள்ள ஹாரிசன்ஸ் பாறைகள். அங்குள்ள மணற்கல் மிக மென்மையானது. பாறையில் இடையிடையே கருவிகளைச் செருகினால் கல் உடையும். ஆகவே அங்கு மேற்கயிறே மரபாயிற்று. அதிலும், ஓடும் கயிறு பாறை விளிம்பில் உரசினால் அறுத்தாற்போல் பள்ளம் விழும். எனவே, அசையாத பட்டைகளை உச்சியில் கட்டி, கயிறு ஓடும் வளையம் விளிம்புக்குக் கீழே தொங்குமாறு அமைப்பர். மழையில் நனைந்த கல் வலுவிழக்குமாதலால் காயும்வரை ஏறுவதைத் தவிர்ப்பர். பாறையையும் காத்து, ஏறுபவரையும் காக்கும் நல்லொழுக்கம் அது.

இவ்விளையாட்டு வீட்டுக்குள் வந்த வரலாறும் சுவையானது. 1964-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி விரிவுரையாளராயிருந்த டான் ராபின்சன், ஒரு நடைக்கூடச் சுவரில் கற்களைப் பதித்து ஏறுசுவர் ஒன்றை அமைத்தார். அச்சுவரில் குளிர்காலமெல்லாம் பழகிய ஜான் சிரட் என்னும் மாணவர், 1970-இல் யார்க்ஷயரின் அல்ம்ஸ்கிளிஃப் பாறையில் அந்நாளில் பலரும் அஞ்சிய பாதையொன்றை ஏறிக் காட்டியபோது, செயற்கைச் சுவர்ப் பயிற்சி வெறும் விளையாட்டன்று என்பதைப் பலர் உணர்ந்தனர். இன்று உலகெங்கும் உள்ள ஏறுசுவர்க் கூடங்கள் இவ்வழியில் வளர்ந்தவையே.

உடல் உரைக்கும் உண்மை

இனி உடலின் கணக்கைப் பார்ப்போம். தசைக்கு எரிபொருள் தரும் வழிகள் மூன்று. முதல் வழி, தசையிலேயே சேமித்து வைக்கப்பட்ட பாஸ்பேட் சேர்மங்களைப் பயன்படுத்துவது. இது மிக விரைந்து ஆற்றல் தரும். ஆனால் கடும் உழைப்பில் 10 நொடி அளவிலேயே பெரிதும் தீர்ந்துவிடும். மீண்டும் நிறைய 3 முதல் 5 நிமிட ஓய்வு தேவை. இரண்டாவது வழி, ஆக்சிஜன் இன்றிச் சர்க்கரையை உடைப்பது. இது ஓரிரு நிமிடம் தாங்கும்; ஆனால் தசையில் எரிச்சலையும் களைப்பையும் விளைவிக்கும். மூன்றாவது வழி, இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனைக் கொண்டு மெல்ல எரிப்பது. இது நெடுநேரம் நீடிக்கும்.

குறும்பாறையில் ஏறுபவர் பெரும்பாலும் முதல் வழியையும் ஓரளவு இரண்டாவதையும் பயன்படுத்துகின்றார். கயிற்றில் ஏறுபவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் இன்றியமையாதவை. இதிலே ஓர் இடையூறும் உண்டு. விரல்களால் பிடியை இறுகப் பற்றும்போது முன்கைத் தசைகள் விறைத்துத் தமக்குள்ளே ஓடும் இரத்தக் குழாய்களைத் தாமே நெரித்துக்கொள்கின்றன. முழு வலிமையில் பாதிக்கு மேல் செலவிடும் நிலையில் இரத்த ஓட்டம் பெருமளவு தடைப்படும். எனவேதான் நெடுஞ்சுவரில் ஏறுபவரின் முன்கை கல்லைப்போல் இறுகி, விரல்கள் தாமாகவே திறந்துகொள்கின்றன. கையை உதறி இளைப்பாறும் ஒவ்வொரு கணமும் அக்குழாய்களைத் திறந்துவிடும் கணமாகும்.

இங்கிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. விரலின் உச்ச வலிமை பெருகினால், அதே பிடி அவருக்கு முன்பைவிடச் சிறு பங்கு உழைப்பாகிவிடும். குழாய்கள் அவ்வளவாக நெரிபடா. ஆகவே குறும்பாறையில் பெற்ற வலிமை கயிற்றிலும் உதவும். மறுபுறம், கயிற்றில் பழகிய முன்கையில் இரத்த ஓட்டம் செம்மையுற்று, இரு முயற்சிகளுக்கிடையே களைப்பு விரைவில் நீங்கும். ஆகவே கயிற்றில் பெற்ற பொறுமை குறும்பாறையிலும் உதவும். இரண்டும் போட்டியாளர் அல்லர். ஒரே வண்டியின் இரு சக்கரங்கள்.

எங்கே விழுகின்றாய்?

அப்படியானால் எதற்கு எத்தனை நாள் என்பதை எவ்வாறு முடிவு செய்வது? ஆசிரியர் ஒருவர் மாணவனின் விடைத்தாளைப் பார்த்து எந்தப் பாடத்தில் குறை என்று கண்டறிவதுபோல, ஏறுபவரும் தாம் விழுந்த இடத்தைப் பார்த்து அறியலாம். நெடுஞ்சுவரில் குறிப்பிட்ட ஓர் அசைவிலேயே அவர் விழுகின்றார். இளைப்பாறிப் புத்துணர்வோடு கயிற்றில் தொங்கி அந்த ஓர் அசைவை மட்டும் முயன்றாலும் முடியவில்லை. அவருக்குக் குறை வலிமையிலும் நுட்பத்திலும் உள்ளது, குறும்பாறைக்குச் செல்லட்டும். மாறாக, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே செய்ய முடிகின்றது. ஆனால் தொடர்ந்து ஏறினால் முக்கால் தூரத்தில் முன்கை இறுகி விழுகின்றார். அவருக்குக் குறை நிலைத்து நிற்கும் ஆற்றலில் உள்ளது. கயிற்றில் அதிக நேரம் செலவிடட்டும்.

மூன்றாவது வகையினரும் உளர். அவர்களுக்கு வலிமையும் உண்டு, பொறுமையும் உண்டு. உயரம் வந்ததும் அச்சம் பற்றிக்கொள்கின்றது. மூச்சை அடக்கி, தேவைக்கு மேல் பிடியை இறுக்கி, வீணே களைத்துப் போகின்றனர். இவர்களுக்கு மேற்கயிறே நல்ல மருந்து. நம்பத்தக்க துணைவர் கயிறு பிடிக்க, எளிய பாதைகளில் மீண்டும் மீண்டும் ஏறி இறங்கினால் அச்சம் தணியும். கால்களால் நிற்கவும் கைகளுக்கு ஓய்வு கொடுக்கவும் கற்பர்.

ஆயினும் மேற்கயிற்றில் ஒரு மயக்கமும் உண்டு. துணைவர் கயிற்றை மிக இறுக்கிப் பிடித்தால் ஏறுபவரின் எடையில் ஒரு பகுதியைக் கயிறே சுமக்கும். ஏறியவர் தம் ஆற்றலால் ஏறியதாக எண்ணுவார். அன்புமிகுதியால் பிள்ளையின் வீட்டுப் பாடத்தைத் தாமே எழுதிக் கொடுக்கும் தந்தையைப் போன்றதே இது. கயிறு காப்பதற்கே அன்றித் தூக்குவதற்கன்று. தளர்வும் இன்றி இழுப்பும் இன்றி, இதமாகப் பிடிக்கக் கற்பது துணைவரின் கலை.

வாரத்தின் பங்கீடு

வாரம் மூன்று நாள் ஏறும் இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் புதியவராயின், முதல் ஆறு மாதம் இரு நாள் மேற்கயிறும் ஒரு நாள் எளிய குறும்பாறையும் போதும். காரணம் எளியது. தசை சில வாரங்களிலேயே வலுப்பெறும். விரலை இயக்கும் தசைநாண்களும் அவற்றை எலும்போடு பிணைக்கும் நார் வளையங்களும் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். தசை 'முடியும்' என்று சொல்லும்போது தசைநாண் 'பொறு' என்று சொல்கின்றது. கயிற்றில் எளிய பாதைகளை நிறைய ஏறுவது அந்நார்களை மெல்ல மெல்லப் பதப்படுத்தும். கால் வைக்கும் நுட்பமும் கைவரும்.

ஓராண்டு கடந்தபின் பங்கீட்டை மாற்றலாம். ஒரு நாள் கடும் குறும்பாறை; ஒரு நாள் கயிற்றில் நெடுநேர உழைப்பு; மூன்றாம் நாள் இரண்டும் கலந்தது. கலந்த நாளில் குறும்பாறையை முதலிலும் கயிற்றைப் பின்னரும் வைத்துக்கொள்ள வேண்டும். உச்ச வலிமைக்குப் புத்துணர்ச்சி தேவை. களைத்த விரலோடு கடும் பிடிகளை முயல்வதே காயத்துக்கு வாயிலாகும். பொறுமைப் பயிற்சியோ சற்றுக் களைத்த கையோடும் செய்யத்தக்கது. இரு கடும் நாட்களுக்கிடையே ஒரு நாளேனும், விரல்கள் மிக உழைத்திருந்தால் இரு நாட்களும், இடைவெளி விடுவது நலம்.

கடும் குறும்பாறை நாளில், கால்மணி நேரமாவது உடலைச் சூடேற்றிய பின், தம் எல்லைக்கு நெருங்கிய ஐந்தாறு சிக்கல்களைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் மூன்று நான்கு முறை முயலலாம். முயற்சிக்கும் முயற்சிக்கும் இடையே 3 முதல் 5 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். இளைஞருக்கு இதுவே கடினம்! சுற்றிலும் நண்பர் ஏறிக்கொண்டிருக்க, பொறுத்திருக்க மனம் வராது. ஆனால் ஓய்வின்றி முயல்வது வலிமைப் பயிற்சியாகாது. அது களைப்புப் பயிற்சியே. தொடக்கத்தில் எளிதாக நின்ற நிலையில் பின்னர் நிற்க முடியவில்லையெனில் அன்றைய பயிற்சி முடிந்தது என்று கொள்க.

கயிற்று நாளில், தம் எல்லைக்கு ஓரிரு படி கீழான பாதையை ஏறி, இறங்கி, உடனே மீண்டும் ஏறி, இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்து, ஏறிய நேரத்தின் அளவு இளைப்பாறலாம். அல்லது மிக எளிய பாதையில் 15, 20 நிமிடம் இடைவிடாது ஏறியும் இறங்கியும் பழகலாம். அப்போது முன்கை வெதுவெதுப்பாக இருக்க வேண்டுமேயன்றிக் கல்லாக இறுகக் கூடாது. அருகில் கயிற்றுச் சுவர் இல்லாதவர் ஃபொன்தேன்புளோ முறையைப் பின்பற்றி எளிய குறும்பாறைகள் பலவற்றைத் தொடர்ந்து ஏறலாம்.

ஆண்டு முழுவதும் ஒரே பங்கீடு வேண்டியதில்லை. நான்கு வாரம் வலிமைக்கு முதலிடம், நான்கு வாரம் பொறுமைக்கு முதலிடம், இடையே ஒரு வாரம் இலேசான ஏற்றம் என்று மாற்றி மாற்றிச் செல்லலாம். ஒன்றுக்கு முதலிடம் தரும்போது மற்றதை முற்றிலும் கைவிடாமல் வாரம் ஒரு நாளாவது தொட்டுக்கொள்வது அறிவுடைமை.

ஒலிம்பிக் மேடை காட்டிய பாடம்

பாறை ஏற்றம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில். அங்கு வேக ஏற்றம், குறும்பாறை, முன்னேற்றம் ஆகிய மூன்றையும் கூட்டி ஒரே பதக்கம் தந்தனர். 2024 பாரிஸ் போட்டியில் வேக ஏற்றம் தனியாயிற்று. குறும்பாறைக்கு 100, முன்னேற்றத்துக்கு 100 என 200 மதிப்பெண்ணுக்குப் போட்டி நடந்தது. இரு போட்டிகளிலும் மகளிர் பிரிவில் தங்கம் வென்றவர் ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட்.

பாரிஸில் ஆடவர் முடிவு நம் கருத்துக்கு நல்ல சான்றாகும். 17 வயது ஜப்பானிய வீரர் சொராதோ அன்ராகு குறும்பாறையில் முந்திநின்றார். ஆஸ்திரியாவின் யாக்கோப் ஷூபர்ட் கயிற்றுச் சுவரில் மிக உயரே சென்றார். ஆனால் தங்கம் வென்றவர் இங்கிலாந்தின் 19 வயது டோபி ராபர்ட்ஸ். குறும்பாறையில் அன்ராகுவைவிடக் குறைவாகவும், கயிற்றில் ஷூபர்ட்டைவிடக் குறைவாகவும் பெற்ற இவர், இரண்டிலும் தாழாது நின்றதால் கூட்டுத்தொகையில் 155.2 பெற்று முதலானார். அன்ராகு 145.4, ஷூபர்ட் 139.6.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனிப் பதக்கங்கள் என்று அறிவித்துள்ளனர். இனிச் சமநிலை எதற்கு, ஒன்றையே பற்றிக்கொள்வோமே என்று சிலர் கூறக்கூடும். உச்சியில் நிற்கும் வீரருக்கு அது பொருந்தலாம். வளரும் பருவத்தில் உள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தாது. ஒரே வகை உழைப்பை ஓயாமல் திணிப்பதால் வரும் கேட்டை அடுத்துக் காண்போம்.

விரலுக்குத் தகுந்த வீக்கம்

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பது நம் முன்னோர் மொழி. இவ்விளையாட்டில் அது சொல்லுக்குச் சொல் உண்மையாகின்றது. விரலின் அடிப்பகுதியில் தசைநாணை எலும்போடு பிணைக்கும் நார் வளையம், பாறை ஏறுவோரிடம் மிகுதியாகக் காயமுறும் உறுப்பு. பெரும்பாலும் மோதிர விரலில் நேரும். சிறு விளிம்பில் விரல் நுனிகளை ஊன்றிக் கணுக்களை மடக்கிப் பிடிக்கும்போது அவ்வளையத்தின்மீது பெருஞ்சுமை ஏறுகின்றது. சில வேளைகளில் 'டப்' என்ற ஓசையோடு அது அறும்.

பிள்ளைகளுக்கு வரும் ஆபத்து வேறு. அவர்களது விரல் எலும்பின் முனையில் வளர்ச்சித் தகடு என்னும் மென்பகுதி உள்ளது. நெடுநெடுவென்று வளரும் பருவத்தில், சற்றேறக்குறைய 13 முதல் 16 வயது வரை, அத்தகடு நாரைவிட வலுவற்றது. மீண்டும் மீண்டும் கடும் பிடிகளைப் பிடித்தால் ஒரு விபத்தும் நேராமலே அங்கு மெல்ல முறிவு ஏற்படும். நடுவிரலின் நடுக்கணுவின் முதுகுப்புறத்தில் வலி தோன்றும். பிள்ளை அதை மறைப்பான். பயிற்சியை நிறுத்தி விடுவார்களோ என்ற அச்சம். காலத்தே கண்டு ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். அசட்டை செய்தால் விரல் நிலையாகவே கோணிவிடக் கூடும். ஆகவே வளரும் பிள்ளையின் விரல் கணுவில் வலி என்றால், 'சுளுக்குத்தான்' என்று எண்ணெய் தடவி அனுப்பாமல் மருத்துவரிடம் காட்டுவது பெற்றோரின் கடமை.

1988-இல் ஜெர்மானிய வீரர் வுல்ஃப்காங் கியூலிச், சாய்ந்த பலகையில் மரச் சட்டங்களைப் பொருத்திக் கால் ஊன்றாமல் கைகளாலேயே தாவி ஏறும் 'கேம்பஸ்' பலகையை வகுத்தார். அதன் துணையோடு 1991-இல் 'ஆக்ஷன் டைரக்ட்' என்னும் அந்நாளின் கடினப் பாதையை ஏறினார். ஆனால் அது முதிர்ந்த எலும்பும் பல்லாண்டுப் பயிற்சியும் உடைய ஒருவரின் கருவி. 18 வயதுக்கு உட்பட்டோர் அதைத் தொடாதிருப்பதே நல்லது என்பது மருத்துவரும் பயிற்றுநரும் வற்புறுத்தும் அறிவுரை. இளம் பருவத்தில் கயிற்றேற்றத்தின் பங்கைக் கூட்டுவதும், பெரிய பிடிகளைத் தேர்வதும் விரல்களுக்கு அளிக்கும் காப்பாகும்.

இன்னொரு கேடும் உண்டு. உடல் எடை குறைந்தால் ஏறுவது எளிது என்று எண்ணிச் சில இளைஞரும் இளம்பெண்களும் உணவைச் சுருக்குகின்றனர். எலும்பு மெலிவு, மாதவிலக்குத் தடை, ஓயாத களைப்பு என்று அதன் விளைவுகள் கொடியவை. 2023-இல் பன்னாட்டுச் சம்மேளனம் இதில் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று கூறி, அதன் மருத்துவக் குழுவிலிருந்து ஃபோல்கர் ஷோஃப்ல், ஓய்கன் புர்க்ஹார்ட் ஆகிய மருத்துவர் இருவர் விலகினர். அதன்பின் 2024 பருவத்துக்குப் புதிய உடல்நல விதிமுறைகள் வந்தன. விதிமுறை வந்தாலும், பிள்ளையின் தட்டில் சோறு குறைவதை முதலில் காணும் கண் தாயின் கண்ணே.

வீழ்ச்சியும் காப்பும்

கயிறு இல்லாத குறும்பாறையில் ஒவ்வொரு வீழ்ச்சியும் தரையில் முடிகின்றது. கணுக்கால், முழங்கால், ஊன்றிய கை ஆகியவை காயமுறும். ஆகவே விழக் கற்பதே முதல் பாடம். இரு கால்களையும் ஒருசேரப் பதித்து, முழங்காலை மடக்கி, முதுகின்மேல் உருண்டுவிட வேண்டும். கையைப் பின்னால் ஊன்றலாகாது. உச்சியை அடைந்தபின் குதிக்காமல் பிடிகளைப் பற்றி இறங்குவது நன்று. பிறர் ஏறும் சுவரின் அடியில் நிற்பதும் குழந்தைகளை ஓடவிடுவதும் பெருந்தவறு.

கயிற்றில் வீழ்ச்சி மெல்லியது. ஆனால் கவனம் தவறினால் விளைவு பெரிது. 1989-இல் பிரான்சின் பியூ என்னுமிடத்தில், உலகின் முன்னணி வீராங்கனையாயிருந்த அமெரிக்காவின் லின் ஹில், எளிய பாதையொன்றில் பழக ஏறினார். இடுப்பு வாரில் கயிற்றைச் செருகியவர், இடையே கவனம் திரும்பியதால் முடிச்சை முடிக்கவில்லை. உச்சியில் கயிற்றில் சாய்ந்தபோது முடிச்சு இல்லை. 70 அடிக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகள் தாங்கியதால் உயிர் பிழைத்தார். அவரே 1993-இல் யோசெமிட்டியின் எல் கேப்பிடன் பாறையில் 'நோஸ்' பாதையைக் கருவிகளில் தொங்காமல் தம் கைகால்களாலேயே ஏறிய முதல் மனிதர் ஆனார். அத்தகையவருக்கே நேர்ந்தது எனில், தேர்ச்சி காப்பாகாது, சரிபார்ப்பே காப்பு.

ஆகவே ஒவ்வொரு முறையும் தரையை விட்டு எழுமுன் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். எட்டு வடிவ முடிச்சு முழுமையாக உள்ளதா? இரு இடுப்பு வார்களின் கொக்கிகளும் இறுகியுள்ளனவா? தடைக்கருவியில் கயிறு சரியாகச் சென்றுள்ளதா? பூட்டு வளையம் பூட்டப்பட்டுள்ளதா? கையால் தொட்டே பார்க்க வேண்டும். ஏறத் தொடங்கிய பின் துணைவரின் தடைக்கை கயிற்றை ஒருகணமும் விடலாகாது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு மகளின் கயிற்றைப் பிடிக்கும் தந்தை, கயிற்றைப் பிடிக்கவில்லை என்றே பொருள். கயிற்றைத் தானே சுருட்டிக்கொள்ளும் இயந்திரம் உள்ள சுவர்களில், மாட்டாமலே ஏறிவிடும் விபத்துகள் நேர்ந்துள்ளன. குறும்பாறைக்கே பழகியவர் கயிறின்றித் தொடங்கும் பழக்கத்தால் இத்தவற்றுக்கு எளிதில் ஆளாவர். இரண்டையும் பயில்பவர், சுவர் மாறும்போது மனமும் மாற வேண்டும் என்பதை மறவாதிருப்பராக.

நிறைவாக

அன்பு வாசகர்களே! குறும்பாறை, 'உன்னால் எவ்வளவு முடியும்?' என்று கேட்கின்றது. கயிறு, 'உன்னால் எவ்வளவு நேரம் முடியும்?' என்று கேட்கின்றது. முதற் கேள்விக்கு மட்டும் விடை தேடுபவர் விரைவில் உயர்ந்து விரைவில் காயமுறுவார். இரண்டாவதை மட்டும் தேடுபவர் எளிய பாதைகளிலேயே வட்டமிட்டுத் தேங்கிவிடுவார். இரண்டுக்கும் உரிய நாளை உரியவாறு ஒதுக்கி, விரலின் சொல்லைக் கேட்டு, ஓய்வையும் பயிற்சியின் பகுதியாகக் கொள்பவரே பல ஆண்டுகள் ஏறுவார்.

நம் இல்லங்களில் ஒரு பிள்ளை இவ்விளையாட்டில் ஆர்வம் கொண்டால், 'எவ்வளவு கடினமானதை ஏறினாய்?' என்று மட்டும் கேளாதிருப்போம். 'இன்று யார் உன் முடிச்சைப் பார்த்தார்? நீ யாருடைய முடிச்சைப் பார்த்தாய்? விரல் வலிக்கின்றதா? வயிறார உண்டாயா?' என்றும் கேட்போம்.